செத்த பேர் வாங்க வந்தவன்

போன நவம்பரில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் குன்னூர் போயிருந்தேன். பழைய பேப்பர் கடை வாசலில் ஒரு மூட்டை பிரிந்து கிடந்தது. யாரோ பங்களாவைக் காலி பண்ணியிருக்கிறார்கள். ரோஜா வளர்ப்பு, நாய் வளர்ப்பு, கேக் செய்முறை, அதற்கெல்லாம் அடியில் ஒரு மெல்லிய அட்டை பெங்குவின் பதிப்பு. ரஷ்ய எழுத்தாளர் நிக்கோலாய் கோகல் எழுதிய நாவல் 'டெட் சோல்ஸ்', டேவிட் மகர்ஷாக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1961. பேய்க்கதை என்று நினைத்துத்தான் எடுத்தேன். கோத்தகிரி மழைக்குப் பேய்க்கதை நன்றாக இருக்கும். கடைக்காரர் தராசில்கூட வைக்கவில்லை. "முதுகு கிழிஞ்சிருக்குண்ணே, இருபது ரூபா குடுங்க" என்றார்.

பேய் ஒன்றுகூட வரவில்லை. 37 வருஷம் நான் பார்த்த வேலைதான் பக்கத்துக்குப் பக்கம் வந்தது.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் கிளார்க். 1979ல் சேர்ந்து 2016ல் ஓய்வு. செக்ரோல் என்பது மேசை அகலத்துக்கு விரியும் பதிவேடு. இடது ஓரத்தில் தொழிலாளியின் நம்பரும் பேரும். அதற்கு நேராக 31 கட்டம். காலையில் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், ஆள் எண்ணி, சாயங்காலம் கொழுந்து எடை வந்ததும் கட்டத்தை நிரப்பவேண்டும். எங்கள் சனங்களின் பேச்சில் ஒரு நாள் கூலிக்கே 'பேர்' என்றுதான் சொல்வது. நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர். மழையில் பாதியில் திரும்பினால் அரைப்பேர். "இந்த மாசம் எனக்கு எத்தனை பேருங்க?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பார்கள். "இருவத்திரெண்டரை" என்பேன். இலங்கைத் தோட்டங்களிலிருந்து எங்களோடு கப்பலேறி வந்த சொல் அது.

அதனால் இந்த நாவலின் தலைப்பை யாராவது தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால் நான் தயங்கமாட்டேன். 'செத்த ஆன்மாக்கள்' என்றால் கோயில் வாசலில் விற்கிற புத்தகம் மாதிரி இருக்கிறது. 'செத்த பேர்' என்பதுதான் சரி.

ஏன் என்று சொல்கிறேன். கதை நடப்பது 1861க்கு முந்தைய ரஷ்யாவில். அந்த வருஷம்தான் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். அதுவரை நிலத்தோடு சேர்த்துக் குடியானவர்களும் நிலக்காரருக்குச் சொந்தம். விற்கலாம், அடகு வைக்கலாம், சீட்டாட்டத்தில் பணயமாக வைத்துத் தோற்கலாம். எண்ணிக்கை 'ஆன்மா' கணக்கில். அவருக்கு 80 ஆன்மா, இவருக்கு ஆயிரம் ஆன்மா என்பார்கள், நம் ஊரில் ஏக்கர் சொல்கிற மாதிரி. ஆண்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள். காரணம், ஜார் மகா பீட்டர் காலத்தில் வந்த தலைவரி. ஒவ்வொரு ஆணுக்கும் வரி, அதைக் கட்டவேண்டிய பொறுப்பு நிலக்காரருக்கு. யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பது பல வருஷத்துக்கு ஒருமுறை. 1719லிருந்து 1857வரை மொத்தமே 10 முறைதான் எடுத்திருக்கிறார்கள். ஒரு பட்டியலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒருவன் செத்துப்போனால், காகிதத்தில் அவன் உயிரோடு இருப்பான். அவனுக்கும் வரி கட்டியாகவேண்டும்.

இந்தச் சந்தில் புகுந்தவன்தான் பாவெல் இவானோவிச் சிச்சிக்கோவ். குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை. அழகனும் இல்லை, அசிங்கமும் இல்லை. மூக்குச் சிந்தினால் எக்காளம் ஊதியது மாதிரி இருக்கும். மூன்று குதிரை பூட்டிய வண்டியில் ஒரு சின்ன நகரத்துக்கு வருகிறான். ஊர்ப் பெரியவர்களைச் சிரித்துச் சிரித்து வளைத்துப் போடுகிறான். பிறகு ஒவ்வொரு நிலக்காரர் வீடாகப் போய், உங்களிடம் செத்துப்போன குடியானவர்கள் எத்தனை, எனக்குக் கொடுங்கள் என்கிறான். வாங்கிய செத்த பேர்களையெல்லாம் தெற்கே கெர்சோன் பகுதியில் குடியேற்றியதாகக் காகிதத்தில் காட்டி, அரசாங்கக் கடன் நிறுவனத்தில் ஆளுக்கு 200 ரூபிள் என்று அடகு வைப்பது திட்டம். ஆயிரம் பேர் சேர்ந்தால் இரண்டு லட்சம். இது கடைசி அத்தியாயத்தில்தான் நமக்குப் புரிகிறது. இந்த யோசனை அவனுக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓர் ஆபீசில். வேறொருவரின் பண்ணையை அடகு வைக்கப் போனபோது, ஆட்களில் பாதிப்பேர் செத்துவிட்டார்களே, பின்னால் தகராறு வருமோ என்று கேட்கிறான். பட்டியலில் பேர் இருக்கிறதல்லவா, அப்புறம் எதற்குப் பயம் என்கிறார் அங்கே இருக்கும் செயலாளர். அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன். எங்கள் வர்க்கத்தின் பங்கு எல்லாவற்றிலும் இருக்கிறது.

என் இங்கிலீஷ் எஸ்டேட் இங்கிலீஷ். துரைக்கு லெட்டர் டைப் அடித்து வந்தது. லிப்கோ அகராதியோடு உட்கார்ந்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. ராத்திரியில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றன்றைக்குப் படித்ததை அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். அம்மாவுக்கு 86. இலங்கையில் அட்டனுக்குப் பக்கத்தில் கொழுந்தெடுக்க ஆரம்பித்து, கோத்தகிரியில் கூடையை இறக்கியவர்.

"செத்தவங்கள வாங்கி என்னடா செய்வான்?"

"பேரக் காட்டிக் கடன் வாங்குவான்மா."

"அப்ப துண்டு மாதிரி."

எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. துண்டு என்பது இலங்கைத் தோட்டங்களில் இருந்த கடன் சீட்டு. ஆள் சேர்த்து வேலை வாங்கும் ஒரு கங்காணியின் ஆட்கள் இவ்வளவு கடன் பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் அவர்களை விடுகிறேன் என்று துரை எழுதிக்கொடுப்பது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். அங்கே உள்ள துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆட்களை விற்கவில்லை, கடனைத்தான் கைமாற்றினோம் என்று சொல்லிக்கொள்ளலாம். 1921ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். என் தாத்தா அப்படி இரண்டு தோட்டம் மாறியவர் என்று அம்மா சொல்வார்.

இலங்கைத் தோட்டத் தமிழர்களில் எத்தனை பேர் எந்த நாட்டுக்கு என்று 1964ல் இரண்டு அரசும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலும் எண்ணிக்கைதான் பேசியது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நாங்கள் 1973ல் ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கி மலையேறினோம். எனக்கு 15 வயது. அட்டையில் அப்பா பேரில் ஓர் எழுத்து மாறிப்போயிருந்தது. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நாவலுக்கு வருவோம். முதல் பாதி முழுக்க பேரம்தான், ஐந்து வீடு, ஐந்து பேரம். மனிலோவ் என்று ஒரு சர்க்கரைப் பாகு மனிதர், செத்த பேர்களைச் சும்மாவே கொடுத்துவிடுகிறார். பத்திரச் செலவும் தன்னுடையது என்கிறார். அவர் அறையில் ஒரு புத்தகம் இரண்டு வருஷமாக 14ஆம் பக்கத்திலேயே அடையாளம் வைத்துக் கிடக்கிறது. நம்மில் பலருக்கு உறைக்கும். நஸ்த்ரியோவ் ரவுடி, சதுரங்கப் பலகையில் காய் ஆடும்போது சட்டைக் கையால் காயைத் தள்ளுகிறவன். சிரிப்பு இருக்கிறது, ஆனால் அந்த அத்தியாயம் எனக்குக் கொஞ்சம் நீளம்.

கரோபச்கா கிழவிதான் தங்கம். 80 ஆன்மாவுக்குக் கொஞ்சம் குறைவாக வைத்திருக்கும் விதவை. தேன் விற்பாள், சணல் விற்பாள், பன்றிக் கொழுப்பு விற்பாள். செத்தவர்களைக் கேட்டதும், தோண்டியெடுக்கப் போகிறாயா என்கிறாள். சிச்சிக்கோவ் வியர்க்க வியர்க்க விளக்குகிறான். வரிச்சுமை அவளை விட்டுப் போகும், கையில் காசும் வரும். அவளுக்கு அதெல்லாம் புரிந்துவிட்டது. இப்போது அவள் கவலை வேறு: இதுவரை நான் செத்தவர்களை விற்றதில்லை, சந்தையில் என்ன விலை போகிறதோ, அவசரப்பட்டு நஷ்டப்பட்டுவிட்டால்? இங்கே பச்சைத்தேயிலைக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கிழவியை உடனே தெரியும். குன்னூர் ஏலத்தில் இந்த வாரம் என்ன ரேட்டு என்று கேட்காமல் மூட்டையை வண்டியில் ஏற்றவிடமாட்டார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. கரோபச்கா 18 பேரை 15 ரூபிளுக்குக் கொடுத்துவிட்டு மூன்று ராத்திரி தூங்காமல், செத்தவன் விலை விசாரிக்க வண்டி கட்டிக்கொண்டு நகரத்துக்கே வந்துவிடுகிறாள். அந்த விசாரணையில்தான் சிச்சிக்கோவின் குட்டு கலையத் தொடங்குகிறது. என்ன ஒரு கட்டுமானம்!

சபாகேவிச் அவளுக்கு நேர் எதிர். கரடி உருவம், கரடி நிறக் கோட்டு, நாற்காலி மேசைகூட நானும் சபாகேவிச்தான் என்று சொல்கிற மாதிரி இருக்கும். செத்த பேர் வேண்டும் என்றதும் முகத்தில் ஒரு ஆச்சரியம் இல்லை. ஒன்று 100 ரூபிள் என்கிறார். சிச்சிக்கோவ் 80 கோபெக் என்கிறான். (ஒரு ரூபிளுக்கு 100 கோபெக்.) அப்போது சபாகேவிச் தன் செத்த ஆட்களின் பெருமையை எடுத்துவிட ஆரம்பிக்கிறார் பாருங்கள்! வண்டி செய்கிற மிகேயெவ், அவன் செய்த வண்டி ஒன்றுக்கும் பழுது வராது. தச்சன் ஸ்தெபான் புரோப்கா, அவனை மாதிரி பலசாலி எங்கே கிடைப்பான்? செங்கல் அடுப்புக் கட்டுகிற மிலூஷ்கின், செருப்புத் தைக்கிற தெல்யாத்னிகோவ், குடிக்கமாட்டான். அவர்கள் செத்துவிட்டார்களே என்று சிச்சிக்கோவ் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஆமாம் செத்துவிட்டார்கள், உயிரோடு இருக்கிறவர்கள் மட்டும் என்ன பெரிய மனிதர்கள், வெறும் ஈ என்கிறார் அவர். கடைசியில் ஆளுக்கு இரண்டரை ரூபிளுக்கு முடிகிறது.

இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். ஆள் பிடித்துக் கொண்டுவரும் மேஸ்திரிகள் ஆபீசுக்கு வந்து இப்படித்தான் தங்கள் ஆட்களை ஏற்றிச் சொல்வார்கள். "கவாத்துக் கத்தி புடிச்சான்னா ஒரு செடி வீணாகாதுங்க சார்." கமிஷன் ஏறும்வரைக்கும் அவ்வளவு பாசம்.

சபாகேவிச் இன்னொரு வேலை செய்கிறார். ஆண்களுக்கு மட்டும்தானே மதிப்பு, அவர் பட்டியலில் எலிசவேத்தா என்ற பெண்ணையும் செருகிவிடுகிறார். ரஷ்ய எழுத்தில் பேரின் கடைசியை மாற்றிவிட்டால் ஆண் பேர் மாதிரித் தெரியும். நாம் 'ள்' இருக்கும் இடத்தில் 'ன்' போட்டால் போதும், அவ்வளவுதான் வித்தை. இதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976ல் சட்டம் வருவதற்கு முந்தைய செக்ரோல்கள் எங்கள் ரெக்கார்டு ரூமில் இருந்தன. ஆணுக்கு ஒரு ரேட்டு, பெண்ணுக்கு ஒரு ரேட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு ரேட்டு, மூன்று பத்தி.

பிளூஷ்கின் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கிவிடுகிறேன். ஆயிரத்துக்கு மேல் ஆன்மா வைத்திருக்கும் பணக்காரர். தெருவில் கிடக்கும் பழைய செருப்பு அட்டையை எடுத்து வந்து வீட்டில் குவிக்கிறார். முதலில் சிச்சிக்கோவ் அவரை வீட்டுவேலை பார்க்கும் கிழவி என்றே நினைத்துவிடுகிறான். ஓடிப்போன ஆட்களை அவர் ஆளுக்கு 32 கோபெக்குக்கு விற்கிறார். ஆனால் கோகல் இங்கே மட்டும் சிரிப்பை நிறுத்தி, இந்த ஆள் ஒரு காலத்தில் எப்படி இருந்தார் என்று பின்னால் போகிறார். மனைவி இறந்தது, மூத்த மகள் ராணுவக்காரனோடு போனது, மகன் சீட்டில் தோற்றது, கடைசி மகளும் செத்தது. ஒவ்வொரு சாவுக்கும் வீட்டில் ஒரு ஜன்னல் மூடுகிற மாதிரி எழுதிக்கொண்டு போகிறார். நாவலில் மனம் கனத்துப் படித்த பக்கங்கள் அவை.

ஆனாலும் எனக்குப் புத்தகமே ஏழாவது அத்தியாயம்தான். வாங்கிய பேர்களுக்குப் பத்திரம் எழுதவேண்டும். குமாஸ்தாவுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் சிச்சிக்கோவ் தானே உட்கார்ந்து நகல் எடுக்கிறான். கிட்டத்தட்ட 400 பேர். எழுத எழுத, அந்தப் பேர்கள் அவனிடம் பேச ஆரம்பிக்கின்றன. பிளூஷ்கின் பட்டியலில் பேர் பாதிதான் இருக்கும். சபாகேவிச் பட்டியலில் ஒவ்வொருவனுக்கும் தொழில், குணம், குடிப்பானா மாட்டானா எல்லாம் இருக்கும். தச்சன் புரோப்காவைப் பார்த்து, நீ எப்படிச் செத்தாய் என்று கேட்கிறான் சிச்சிக்கோவ். தேவாலய கோபுரத்தில் ஏறி, சாரத்தில் கால் தவறி விழுந்திருப்பாயோ. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு, ஐயோ இப்படி ஆகிப்போச்சே தம்பி என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உன் இடத்தில் ஏறியிருப்பார்.

ஏறியிருப்பார். அந்த ஒரு வரிக்காக இருபது ரூபாயை இருபது தடவை கொடுக்கலாம். கொழுந்தெடுக்கிற பங்கில் ஒருவர் விழுந்தால் அடுத்த நாள் அந்த வரிசையில் இன்னொருவர் நிற்பார். மலையில் வேலை செய்த யாரும் இதற்கு விளக்கம் கேட்கமாட்டார்கள். அம்மாவுக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தத் தச்சனுக்குப் புள்ளகுட்டி இருந்துச்சாமா?" என்றார்.

"எழுதலம்மா."

"நம்பர் மட்டுந்தான் எழுதுவீங்க நீங்க" என்றார். நீங்க என்றது என்னையும் சேர்த்துத்தான்.

காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருஷம். தோட்டத்தின் பேரோ ஆட்களின் பேரோ வேண்டாம். கொழுந்தெடுக்கிற ஒரு பாட்டி, செக் நம்பர் 214. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டார். சொந்தம் என்று பெரிதாக யாரும் இல்லை. அடுத்த மாதச் செக்ரோலுக்குப் பேர் எடுத்து எழுதும்போது அவர் வரியை விட்டுவிட்டேன். என் மேலே இருந்தவர் பார்த்துவிட்டு, "இன்னும் பேப்பர் வரலயே தம்பி, எழுதி வையி" என்றார். சாவுச் சீட்டு வரவில்லை என்று அர்த்தம். எழுதினேன். சாயங்காலம் அவர் பென்சிலால் கட்டத்தில் புள்ளி வைத்துக் கொடுப்பார், நான் மையால் நிரப்புவேன். அந்த மாதம் 214க்கு 24 பேர். உயிரோடு இருந்தபோது அந்தப் பாட்டி 20ஐத் தாண்டியதில்லை. மூன்று மாதம் அப்படி ஓடியது. பிறகு அவருக்கு மாற்றல் வந்தது, வரியும் நின்றது. சம்பளத்தை யார் வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. கைநாட்டு இருந்தது. இதை அம்மாவிடம் எப்போதோ ஒருமுறை சொல்லியிருக்கிறேன்; அவர் மறக்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, சிச்சிக்கோவை வில்லன் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவன் அடக்கமான ஆள், நல்ல கையெழுத்து, சோப்பு நன்றாகப் போடுவான். அவனுடைய பெட்டியில் பேனாக்கத்திக்கு ஓர் இடம், மைக்கூட்டுக்கு ஓர் இடம், முத்திரைக் காகிதத்துக்கு ஓர் இடம், பணத்துக்கு ரகசிய அறை. எனக்கு அந்தப் பெட்டி வேண்டும்.

ஆபீஸ் காட்சி ஒன்று. பத்திரம் பதிய நீதிமன்ற அலுவலகத்துக்குப் போகிறான். இவான் அந்தோனோவிச் என்ற குமாஸ்தா, முகத்தின் நடுப்பகுதி மொத்தமும் மூக்காக முன்னுக்கு வந்து ஜாடி மாதிரி இருக்கும். இவன் ஒரு நோட்டை எடுத்து அவர் முன்னால் வைக்கிறான். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. உடனே ஒரு புத்தகத்தை எடுத்து அதன் மேல் வைத்துவிடுகிறார். சரியாக இத்தனைதான் வர்ணனை. 1842ல் அச்சான புத்தகம்! அப்பா பேரில் மாறிப்போன அந்த ஓர் எழுத்துக்காக நான் ஒரு அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். இலங்கைப் பாஸ்போர்ட்டில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, என் சர்வீஸ் புத்தகத்தில் ஒன்று, மூன்றும் ஒரே ஆள்தான் என்று யார் சொல்வது? ஏழாவது முறை மேசை மேல் ஒரு காலண்டர் இருந்தது. அந்தக் காலண்டர் இரண்டங்குலம் நகர்ந்தது. அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

எட்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு நாவல் வேறு ஆட்டம் ஆடுகிறது. வதந்தி. சிச்சிக்கோவ் யார்? கள்ள நோட்டுக்காரனா, கவர்னர் மகளைக் கடத்த வந்தவனா, வேஷம் போட்ட நெப்போலியனா? தபால் அதிகாரி மிகுந்த ரகசியமாக, அவன்தான் கேப்டன் கொப்பெய்க்கின் என்கிறார். 1812 போரில் கையும் காலும் போய், உதவித்தொகைக்காகப் பீட்டர்ஸ்பர்க்கில் அலைந்து, கடைசியில் கொள்ளைக்கூட்டத் தலைவனான ஆள். கதையை நீளமாகச் சொல்லி முடிக்கும்போது ஒருவர் குறுக்கிட்டு, அவருக்கு ஒரு கை ஒரு கால் இல்லை என்றீர்களே, சிச்சிக்கோவுக்கு எல்லாம் இருக்கிறதே என்கிறார். தபால் அதிகாரி நெற்றியில் அடித்துக்கொள்கிறார். பென்ஷனுக்கு அலைந்தவர்கள் இதில் சிரிப்பதா அழுவதா என்று நிதானமாக முடிவுசெய்யலாம். தணிக்கையாளர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பகுதியைக் கோகல் மாற்றி எழுதிக்கொடுத்த பிறகே விட்டார்கள். 'செத்த ஆன்மா' என்ற தலைப்பும் தகராறானது, ஆன்மாவுக்குச் சாவு உண்டா என்று. அதனால் அட்டையில் 'சிச்சிக்கோவின் சாகசங்கள்' என்பது முன்னால் சேர்ந்தது. அதே அட்டையில் கோகல் தானே வரைந்து, பெரிய எழுத்தில் 'காவியப் பாடல்' என்று போட்டுக்கொண்டார். வசனத்தில் எழுதிவிட்டுப் பாட்டு என்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

வதந்தி தாங்காமல் ஊர் அரசு வழக்கறிஞர் யோசித்து யோசித்தே செத்துப்போகிறார். செத்த பிறகுதான் அவருக்கும் ஓர் ஆன்மா இருந்தது ஊருக்குத் தெரிந்ததாம். கோகல் இதைக் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போகிறார்.

குறைகள். ஆசிரியர் நடுநடுவே கதையை நிறுத்திவைத்துப் பேசுவார். வண்டி ஓட்டிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஊர்க்கதை சொல்கிற டிரைவர் மாதிரி; சில இடத்தில் சுகம், சில இடத்தில் வயிற்றைப் புரட்டும், நம் கொண்டை ஊசி வளைவுகளில் போல. இரண்டு சீமாட்டிகள் துணி டிசைன் பேசுவது ஒரு பாதியாகக் குறைந்திருக்கலாம். எல்லாரும் கொண்டாடும் கடைசிப் பக்கம், மூன்று குதிரை வண்டியாக ரஷ்யா பறக்கிறது, எங்கே போகிறாய் என்று கேட்டால் பதில் இல்லை என்பது. எனக்கு அது மேடைப் பேச்சாகத்தான் பட்டது. அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவன் இந்தத் திருடன்தானே என்பதை மட்டும் ரசித்தேன். இன்னொன்று: நாவல் முழுக்க உயிரோடு இருக்கும் குடியானவர்கள் வழி தெரியாமல் முழிப்பவர்களாக, கதவில் சாய்ந்து நிற்பவர்களாகத்தான் வருகிறார்கள். செத்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அம்மா இதைத்தான் வேறு மாதிரி கேட்டார்: "உசுரோட இருக்கறவுக ஒருத்தரும் பேசமாட்டாகளா அதுல?"

வாங்க நினைப்பவர்களுக்கு. முதல் பாகம் 11 அத்தியாயம், அதுதான் நாவல். இரண்டாம் பாகம் என்று பின்னால் ஒட்டியிருப்பது மிச்சம் மீதி. சிச்சிக்கோவைத் திருத்தப் பார்த்திருக்கிறார்; உத்தமமான நிலக்காரர் எல்லாம் வருகிறார்; சப்பென்று இருக்கிறது. கோகலுக்கே பிடிக்கவில்லை. 1845ல் ஒருமுறை எரித்தார், 1852 பிப்ரவரியில் ஒரு ராத்திரி மறுபடியும் அடுப்பில் போட்டார், சாப்பாட்டை ஒதுக்கி, பத்து நாளில் இறந்தும் போனார். 42 வயது. கதைக்கருவைக் கொடுத்தது கவிஞர் புஷ்கின் என்று அவர் சொல்லியிருக்கிறார். புத்தகம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே புஷ்கின் போய்விட்டார். பெரும்பகுதியை எழுதியது ரோமில் உட்கார்ந்து. தூரத்தில் இருந்தால்தான் ஊர் சரியாகத் தெரியும்போல. அட்டனைப் பற்றி அம்மா பேசுவதைக் கேட்டால் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது ஹோகார்த் என்பவரின் பழைய மொழிபெயர்ப்பு. மூலத்தில் தாராளமாகக் கைவைத்தவர் என்று பேர். காசு கொடுத்து வாங்குவதானால் பெவியர்–வொலொகோன்ஸ்கி தம்பதி 1996ல் செய்ததைப் பாருங்கள். மகர்ஷாக் வாசிக்கச் சுலபம், என்னைப் போல் அகராதி வைத்துப் படிக்கிறவர்களுக்கு அதுவே போதும். ரஷ்யப் பேர்களுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்து இடது ஓரத்தில் பேரும் அதற்கு நேராக ஆள் யார் என்பதும் எழுதிக்கொண்டே போனால் மூன்றாவது அத்தியாயத்தில் பழகிவிடும். நான் பழைய செக்ரோல் தாளிலேயே எழுதினேன். வீட்டில் நிறைய மிச்சம் இருக்கிறது.

கோத்தகிரியில் இருப்பவர்கள் யாராவது கேட்டால் என் பிரதியைக் கொடுப்பேன். ஆனால் முதுகு கிழிந்த புத்தகம், மூன்று தாள் தனியாக வந்துவிட்டது, அதில் ஒன்று புரோப்கா வரும் தாள். எண்ணித்தான் கொடுப்பேன், எண்ணித்தான் வாங்குவேன்.